"சாப்டாச்சா?" என்பதற்கு அடுத்த கேள்வி
(முதியோர் குடியிருப்புகளின் சாப்பாட்டுக் கூடம் பற்றி, நமது மின்னிதழின் ஒலிப் பகுதிக்காகப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

கையில் மொபைலோடுதான் இதைக் கேட்டுக்கொண்டோ படித்துக்கொண்டோ இருப்பீங்க. அதே மொபைலில், ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கடைசியாகப் போட்ட போனை ஞாபகப்படுத்திப் பாருங்க. முதல் கேள்வியாக என்ன கேட்டீங்க? "சாப்டாச்சா?" அந்தப் பக்கத்திலிருந்து, "ஆச்சு, ஆச்சு. நீ சாப்டியா?" அத்தோடு அடுத்த விஷயத்துக்குப் போயிருப்போம்.

நானும் இரண்டு வருஷம் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் சின்னப் பாட்டி, அதாவது என் பாட்டியின் தங்கை, கோவைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் குடியிருப்பில் இருக்கிறார். கும்பகோணத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளி ஆசிரியை. தாத்தா போன பிறகு, வெளிநாட்டில் இருக்கும் மாமா பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிட்ட இடம். குடியிருப்பின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது ஒரு இடத்தின் மேல் புகார் அல்ல, பல இடங்களுக்கும் பொருந்துகிற ஒரு விஷயம்.

அரசுச் சேவைகளைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை. உதவி எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் வீட்டுப் பாட்டி சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு அத்தனை நாள் தெரியாது.

முதியோர் இல்லம் வேறு, இது வேறு

முதலில் ஒரு விளக்கம். முதியோர் குடியிருப்பு என்பது ஆதரவற்றோருக்கான இல்லம் அல்ல. ரிட்டயர்மென்ட் கம்யூனிட்டி என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீங்க. ஒன்று அல்லது இரண்டு படுக்கையறை உள்ள வீட்டை வாங்கியோ, வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்தோ பெரியவர்கள் தனித்தனியாக இருப்பார்கள். துப்புரவு, காவல், அவசர மருத்துவ உதவி, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் பொதுவில் நடக்கும். அதற்கு மாதக் கட்டணம். கோவையைச் சுற்றி வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கமெல்லாம் இப்படிப் பல குடியிருப்புகள் வந்துவிட்டன.

வரத்தான் செய்யும். 2021-க்கான கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 13.6 சதவீதம். இந்த விகிதத்தில் நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் வேலைக்காக வேறு ஊரில், வேறு நாட்டில். அதனால் இப்படிப்பட்ட இடங்கள் இன்னும் பெருகும்.

இந்தக் குடியிருப்புகளின் நடுவில் இருப்பது சாப்பாட்டுக் கூடம். பார்க்க ஹோட்டல் மாதிரியே இருக்கும். மேஜை, நாற்காலி, பரிமாற ஆள், சுவரில் இந்த வாரச் சாப்பாட்டுப் பட்டியல். ஆனால் ஒரே ஒரு வித்தியாசம். ஹோட்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் நாளைக்குப் பக்கத்துக் கடைக்குப் போவோம். இங்கே பக்கத்துக் கடை கிடையாது. காலையில், மதியம், ராத்திரி, வருஷம் முழுக்க அதே அடுப்பு. அதனால் இந்தச் சமையலறையின் தரத்தை ஒரு ஹோட்டலை எடை போடுகிற மாதிரி, ருசியை மட்டும் வைத்து எடை போட முடியாது.

பிஸ்கட் டப்பாக்கள்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பாட்டியைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் பக்கென்றது. முகம் வற்றியிருந்தது. பிளவுஸ் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தார். "வயசாச்சுடி, உடம்பு வத்தத்தானே செய்யும்" என்றார்.

அலமாரியில் டீத்தூள் எடுக்கப் போனபோது வரிசையாக நாலு பிஸ்கட் டப்பா. ஒரு டப்பாவில் ரஸ்க். "நடுராத்திரி பசிக்கும், அதுக்குத்தான்" என்றார்.

மதியம் அவரோடு சாப்பிடப் போனேன். சாதம், சாம்பார், ரசம், கொத்தவரங்காய்ப் பொரியல், மோர், அப்பளம். எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. ருசியாகவே இருந்தது. ஆனால் பாட்டி சாதத்தில் மோரை மட்டும் விட்டுப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டார். பொரியலை யாரும் பார்க்காதபடி பேப்பர் நாப்கினில் மடித்து ஓரமாக வைத்தார். கொத்தவரங்காய் பெரிது பெரிதாக நறுக்கி, கொஞ்சம் நறுக்கென்று வெந்திருந்தது. பாட்டிக்குப் பல்செட். சாதம் உதிரி உதிரியாக, விரை விரையாக. இருபது வயதுக்காரர்களுக்கு அது நல்ல சாதம். எண்பதை நெருங்குகிறவருக்கு அது தொண்டையில் நிற்கும்.

"ஏன் பாட்டி சொல்லல?" என்றேன்.

"யார்கிட்ட சொல்றது? நாளைக்கும் இவங்கதானே பரிமாறணும்?"

இந்த ஒரு வரிக்காகத்தான் இன்று பேசவே வந்தேன். முப்பது வருஷம் வகுப்பறையை ஆண்டவர் அவர். மாதாமாதம் முழுக் கட்டணம் கட்டுகிறவர். ஆனாலும் பொரியல் வேகவில்லை என்று சொல்லத் தயங்குகிறார். பயம் என்று சொல்ல முடியாது. இவர்களை நம்பித்தானே மிச்ச நாளை ஓட்ட வேண்டும் என்கிற நினைப்பு. பிள்ளையிடம் சொன்னால் அவன் அங்கே கவலைப்படுவான் என்கிற நினைப்பு. அதனால் சத்தமில்லாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

நான் செய்த தப்பு

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இதுதான் நம்ம பாட்டிக்குப் போடற சாப்பாடு" என்று ஒரு வரியும் சேர்த்தேன். மாமா அதை அப்படியே குடியிருப்பின் நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டார். நிர்வாகத்திலிருந்து ஒருவர் நேராக வந்து எல்லோர் முன்னாலும், "மேடம், உங்களுக்கு ஏதோ குறையாமே?" என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறார்.

பாட்டி அடுத்த மூன்று நாள் சாப்பாட்டுக் கூடத்துக்கே போகவில்லை. டிபன் கேரியரில் ரூமுக்கு வரவழைத்துக்கொண்டார். எனக்குப் போன் போட்டு, "என்னைக் கேக்காம ஏண்டி போட்ட?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் கேட்டது நியாயம். சாப்பாடு அவருடையது, தட்டு அவருடையது, புகாரும் அவருடையது. நான் அவரைக் கேட்காமலேயே அவருக்காகப் பேசிவிட்டேன். வெளியூரிலிருந்து மொபைல் வழியாக அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நம்மில் பலரும் செய்யக்கூடிய தப்பு இது. அதனால்தான் சொல்கிறேன்.

மாஸ்டர் சொன்னது

அடுத்த வாரம் திரும்பப் போனேன், இந்தத் தடவை பாட்டியிடம் சொல்லிவிட்டு. அவரோடு சேர்ந்தே சமையல் மாஸ்டரைப் பார்த்தோம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்களே சொல்லுங்க அம்மணி. ஒருத்தர் உப்பே இல்லைங்கறார். பக்கத்து மேஜைல உப்புக் கரிக்குதுங்கறாங்க. ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்குக் கிட்னி, ஒருத்தருக்கு வாயில புண்ணு. எல்லாத்துக்கும் ஒரே அண்டாதானுங்க. யாரும் எனக்கு எழுதிக் குடுக்கறதில்ல. மாசத்துல ஒரு நாள் மீட்டிங் வெச்சா அன்னிக்கு எல்லாரும் சண்டை போடறாங்க, அப்புறம் மறந்துர்றாங்க."

"தட்டுல என்ன மிச்சமாகுதுன்னு பார்ப்பீங்களா?" என்று பாட்டி கேட்டார்.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "அதைப் பாத்திரம் கழுவற அக்காமாருங்கதான் பாக்கறாங்க. எனக்கு வந்து யாரும் சொல்றதில்லைங்க."

பாட்டி அங்கேயே பள்ளிக்கூட டீச்சர் ஆகிவிட்டார். அன்று சாயங்காலம் அக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை, நாலே நாலு கோரிக்கை.

ஒன்று, பொரியல் காயைப் பொடியாக நறுக்கி, நன்றாக வேகவைக்க வேண்டும். இரண்டு, குழைந்த சாதம் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் வேண்டும். மூன்று, ராத்திரி ஒன்பது மணிக்குப் பாலோ கஞ்சியோ வேண்டும் என்கிறவர்களுக்குத் தனிக் கட்டணத்தில் தரலாம். நாலு, எந்தப் பண்டம் அதிகமாக மிச்சமானது என்பதைத் தினமும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை வாரம் ஒரு முறை மாஸ்டரும் குடியிருப்போர் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

கீழே ஐந்து கையெழுத்து, தேதி. ஒரு நகலைப் பாட்டி வைத்துக்கொண்டார்.

முதல் மூன்றும் ஒரு மாதத்துக்குள் நடந்தது. நாலாவதற்கு இன்னொரு கடிதம் தேவைப்பட்டது. இப்போது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கொத்தவரங்காய் வாரத்துக்கு ஒரு நாளிலிருந்து மாதத்துக்கு ஒரு நாளாகிவிட்டது என்று பாட்டி போனில் பெருமையாகச் சொன்னார்.

பெரியவர்களின் தட்டில் தரம் என்றால் என்ன?

இதை எழுதுவதற்காக நான் படித்ததையும் பாட்டியிடம் கற்றுக்கொண்டதையும் சேர்த்து நாலு விஷயமாகச் சொல்கிறேன்.

மென்று விழுங்க முடிகிறதா? வயதானால் பல் மட்டும் போவதில்லை. எச்சில் சுரப்பு குறையும். சில மருந்துகள் அதை இன்னும் குறைக்கும். நாக்கின் ருசியும் மூக்கின் மணமும் மங்கும். தாகம் எடுப்பதும் குறையும். அதனால் நமக்கு நன்றாக இருக்கிற சாப்பாடு அவர்களுக்குச் சப்பென்று இருக்கலாம், விழுங்கக் கஷ்டமாக இருக்கலாம். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது, இருமல் வருகிறது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க.

சூடாக வருகிறதா? சமைத்த உணவில் கிருமி வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். சூடான உணவு பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைவிட, ரூமுக்கு டிபன் கேரியர் வரவழைக்கிறவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். மதியம் வந்த சாம்பாரை மூடி வைத்து ராத்திரிக்குச் சாப்பிடுவது பல பெரியவர்களின் பழக்கம். வீணாக்கக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த சமையலை வைத்துச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்க.

எந்த நேரத்தில் வருகிறது? பல குடியிருப்புகளில் ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடும். அடுத்த டிபன் காலை எட்டு மணிக்கு. நடுவில் 13 மணி நேரம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு இந்த நீண்ட இடைவெளியில் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து போக வாய்ப்பு உண்டு. நடுராத்திரி வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் இருந்தால் அதை வயசுக்கோளாறு என்று விட்டுவிடாதீங்க. படுக்கும் முன் என்ன சாப்பிடலாம் என்று அவர்களுடைய டாக்டரைக் கேளுங்க. எங்கள் பாட்டியின் பிஸ்கட் டப்பாவுக்கு உண்மையான காரணம் இந்த 13 மணி நேரம்தான்.

சத்தும் உப்பும் சரியாக இருக்கிறதா? பெரியவர்கள் தட்டில் சாதம் நிறைய விழும், பருப்பும் பயறும் தயிரும் குறைவாக விழும். தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும். ஒரு வேளையாவது சுண்டல், கெட்டிப் பருப்பு, பனீர், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை என்று இருக்கிறதா பாருங்க. உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாம் இதில் சேர்த்திதான். ருசி மங்கியவர்கள் உப்பைக் கூட்டச் சொல்வார்கள். அங்கே எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி கைகொடுக்கும். நல்ல மாஸ்டருக்கு இது தெரியும்.

இந்த நாலும் சரியில்லை என்றால் முதலில் காட்டிக்கொடுப்பது எடை மிஷின். எடையைக் குறைக்க முயற்சி செய்யாமலேயே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு அது வெறும் 3 கிலோ. போனில் தெரியாது. மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்க.

சமையலறைக்கும் சட்டம் உண்டு

"நாங்கள் ஹோட்டல் இல்லை, எங்கள் ஆட்களுக்கு மட்டும் சமைக்கிறோம், லாபத்துக்கு நடத்தவில்லை" என்று சில இடங்களில் சொல்வார்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-ல் உணவுத் தொழில் என்பதற்கான விளக்கம் தெளிவாக இருக்கிறது. லாபத்துக்காக நடந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், அது உணவுத் தொழில்தான். கேட்டரிங்கும் அதில் அடக்கம்.

அதனால் நீங்கள் கேட்டுப் பார்க்கக்கூடிய விஷயங்கள் இவை:

1. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் அல்லது பதிவுச் சான்று. 14 இலக்க எண் இருக்கும். எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சமையலைக் கான்ட்ராக்ட் விட்டிருந்தால் யார் பெயரில் உரிமம், அது இப்போது செல்லுபடியாகிறதா என்று பாருங்க.

2. சாப்பாட்டுக்குத் தனியாகப் பில் தந்தால் அதிலும் அந்த எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் இது கட்டாயம்.

3. சமையல், பரிமாறல் வேலையில் இருப்பவர்களுக்கு வருஷம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடந்த சான்று.

4. உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர். 25 பணியாளர்களுக்கு ஒருவராவது இருக்க வேண்டும்.

5. பொரித்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் மொத்த போலார் கலவைகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. நமக்குக் கருவி தேவையில்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுவென்று இருந்தால் கேள்வி கேட்கலாம்.

இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள்.

எந்தக் குறைக்கு எந்தக் கதவு?

எல்லாக் குறையும் ஒரே மாதிரி அல்ல. அதைப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உப்பு, பதம், பட்டியல், நேரம். இது முதலில் குடியிருப்புக்குள்ளேயே தீர வேண்டியது. பாட்டி செய்த மாதிரி எழுத்தில், கையெழுத்தோடு, என்ன வேண்டும் என்று சொல்லிக் கொடுங்க. தனியாகக் கொடுப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் யார் மேலும் தனியாகக் கண் விழாது.

கெட்டுப்போன உணவு, பூச்சி, சுத்தமில்லாத சமையலறை, சாப்பிட்டவர்களுக்கு வாந்தி பேதி. உடனே சிகிச்சை, அடுத்து உணவுப் பாதுகாப்புத் துறை. தமிழ்நாட்டில் 94440 42322 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் பதியலாம். உணவின் போட்டோ, இடத்தின் முழு முகவரி, தேதி, நேரம், உரிம எண் தெரிந்தால் அதுவும் சேர்த்து அனுப்புங்க. 'சாப்பாடு மோசம்' என்று மட்டும் அனுப்பினால் அதிகாரியால் எதையும் சோதிக்க முடியாது.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் சொன்னதைத் தராமல் இருப்பது. இது நுகர்வோர் பிரச்சினை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

சாப்பாட்டை மறுப்பது, மிரட்டுவது, கவனிக்காமல் விடுவது. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. கட்டணமில்லை. பெரியவர்களே பேசலாம், அவர்களுக்காக நாமும் பேசலாம்.

இந்த எண்களை உங்கள் மொபைலில் மட்டும் சேமித்தால் போதாது. அப்பா அம்மாவின் மொபைலிலும் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்க. 'உணவுப் புகார்', 'முதியோர் உதவி' என்று தமிழிலேயே போடுங்க.

சேர்வதற்கு முன்னால்

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு இடத்தில் சேர யோசித்துக்கொண்டிருந்தால், இன்னும் நல்லது. இப்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துச் சாப்பாட்டை வைத்து முடிவு செய்யாதீங்க. வாரநாளில், முன்கூட்டிச் சொல்லாமல், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போங்க. மதியம் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி உப்புமாவில்தான் உண்மை தெரியும். சேரப்போகிறவரே கூட வந்து சாப்பிட வேண்டும். உங்கள் நாக்கு அவருடைய நாக்கு இல்லை.

அங்கே இருப்பவர்களின் தட்டைப் பாருங்க. எவ்வளவு மிச்சம் வைக்கிறார்கள் என்று கவனியுங்க. பக்கத்தில் உட்கார்ந்து, "உடம்பு சரியில்லாத நாளில் என்ன தருவாங்க?" என்று கேளுங்க. அந்தப் பதிலில் பாதி தெரிந்துவிடும்.

பிறகு ஒப்பந்தம். ஓய்வுகாலக் குடியிருப்புகளுக்கு மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கட்டியவர், சேவை நடத்துகிறவர், வீடு பெறுகிறவர் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் சாப்பாடு பற்றி என்ன இருக்கிறது? சாப்பாட்டுக் கட்டணம் கட்டாயமா? ஊருக்குப் போகும் நாட்களுக்குக் கழிவு உண்டா? கட்டணத்தை எவ்வளவு, எப்போது ஏற்றலாம்? பத்தியச் சாப்பாடு, ரூமுக்குக் கொண்டுவருவது எல்லாம் சேர்த்தியா, தனியா? கேட்டரிங்காரரை மாற்றும்போது குடியிருப்போரைக் கேட்பார்களா? 'தரமான சைவ உணவு வழங்கப்படும்' என்ற ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால், இவற்றை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்க.

இன்று ராத்திரி

எங்கள் பாட்டியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. பிடித்துத் தைத்த பிளவுஸைப் பிரிக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. நாலு டப்பா இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. "அது நீ வந்தா குடுக்கறதுக்கு" என்கிறார். கூடத்துக்கு நடந்தே போகிறார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தயங்கிக்கொண்டு மோர்சாதம் மட்டும் சாப்பிடுவதைப் பார்த்து, அவருக்கும் குழைந்த சாதத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

நானும் இப்போது போனில் "சாப்டாச்சா?" என்று நிறுத்துவதில்லை. "என்ன சாப்டீங்க? எதைச் சாப்பிட முடியல?" என்று கேட்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் வர ஒரு வாரம் ஆனது. முதல் சில நாள் "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றுதான் வரும். விடாமல் கேளுங்க. பதில் வந்ததும் அவசரப்பட்டு எங்கேயும் அனுப்பாதீங்க. "நான் என்ன செய்யணும்?" என்று முதலில் அவர்களையே கேளுங்க.

இன்று ராத்திரி போன் போடும்போது கேட்டுப் பாருங்க.